சடுதிமாற்றப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது: எழுத்து விளையாட்டா, விக்டோரியா ராணியா, அரிவாள் செல்லா, தலசீமியாவா?

பன்னிரண்டாம் வகுப்பில் சடுதிமாற்றம், அதாவது மரபணுவின் எழுத்துகளில் நேரும் மாற்றம், வந்ததும் ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொரு வழியில் நுழைவார்கள். நான் இந்த நான்கையும் வகுப்பில் செய்து பார்த்துவிட்டேன். முதலில் சொல்லும் உதாரணம்தான் பிள்ளைகள் மனதில் தங்குகிறது. "சடுதிமாற்றம் என்றாலே நோய்" என்ற நினைப்பு அங்கேயே ஒட்டிக்கொண்டால் அப்புறம் அதைக் கழற்றுவது பெரும்பாடு.

எழுத்து விளையாட்டு எல்லாருக்கும் தெரிந்ததுதான், தமிழிலேயே அழகாக வரும். "தம்பி பழம் வாங்கு" என்று எழுதுங்கள், ஒவ்வொரு சொல்லிலும் மூன்று எழுத்து. 'ழ'வை 'ண' ஆக்கினால் தம்பி பணம் வாங்குவான். தம்பியிலிருந்து 'ம்'மை எடுத்துவிட்டு மறுபடி மும்மூன்றாகப் பிரித்தால் "தபிப ழம்வா ங்கு". ஓர் எழுத்து மாறுவதற்கும் ஓர் எழுத்து காணாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டே நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் இதில் எந்த எழுத்து மாறினாலும் வாக்கியத்தின் பொருள் மாறுகிறது அல்லது கெடுகிறது, மரபணுவில் அப்படி இல்லை. மரபணுவின் மூன்றெழுத்துச் சொல் புரதத்தில் எந்த அமினோ அமிலம் வரவேண்டும் என்று சொல்கிறது, அதில் ஜிஏஜி என்பது ஜிஏஏ ஆனாலும் அதே குளுட்டாமிக் அமிலம்தான் வரும், உடம்புக்கு எதுவும் தெரியாது. இந்த உண்மை விளையாட்டுக்குள் அடங்காது, நாம்தான் தனியாகச் சொல்ல வேண்டும்.

விக்டோரியா ராணி குடும்பத்தில் ஓடிய ஹீமோஃபிலியா (ரத்தம் உறையாத நோய்) கதைக்கு வகுப்பு சட்டென்று அமைதியாகிவிடும். மகன் லியோபோல்டு 1884இல் முப்பது வயதில் இறந்தது, கொள்ளுப்பேரன் அலெக்சி ரஷ்ய அரண்மனையில் ரத்தம் உறையாமல் தவித்தது எல்லாம் சொல்லச் சொல்லக் கேட்பார்கள். எக்ஸ் குரோமோசோம் வழி மரபைப் (மகனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும்) புரியவைக்க இதைவிட நல்ல வம்சாவளி வரைபடம் கிடைப்பது கஷ்டம். ஆனாலும் இதில் தொடங்க எனக்கு மனம் வருவதில்லை. ஒரு வருடம் வரைபடத்தை முடித்துத் திரும்பியபோது முன்வரிசைப் பெண் கேட்டாள்: "அப்போ எல்லாம் அம்மாவால வர்றதுதானா சார்?" குழந்தைக்கு ஒன்று என்றால் மருமகளைக் கைகாட்டும் வீடுகள் நிறைந்த ஊரில் அந்தக் கேள்வியை லேசாக விட்டுவிட முடியாது. இன்னொன்று, ரத்தம் உறைவதில்லை என்பதோடு கதை முடிந்துவிடும், மரபணுவில் எந்த எழுத்து என்ன ஆனது என்ற இடத்துக்கு அது நம்மைக் கூட்டிப்போகாது. அலெக்சியின் எலும்பிலிருந்து எடுத்த டிஎன்ஏவைச் சோதித்து, அது ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் ஒன்றான ஒன்பதாம் உறைதல் காரணியின் மரபணுக் கோளாறு என்று கண்டுபிடித்ததே 2009இல்தான்.

அரிவாள் செல் சோகையில் எழுத்திலிருந்து வலி வரை முழுப் பாதையும் கண்முன் இருக்கிறது. ஜிஏஜி, ஜிடிஜி ஆகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தில் உள்ள பீட்டா சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலைன் வந்து உட்காருகிறது. வாலைன் தண்ணீரோடு ஒட்டாத ஆசாமி, அதனால் ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறாகத் திரண்டு செல்லையே வளைத்துவிடுகின்றன. 120 நாள் வாழவேண்டிய சிவப்பணு 10, 20 நாளில் உடைகிறது. இதை நான் சமையலறைச் சாமானை வைத்துத்தான் காட்டுவேன். ஒரு புனலில் ஜவ்வரிசியைக் கொட்டினால் கடகடவென்று இறங்கும், அதே புனலில் ஒடித்த சேமியாவைக் கொட்டினால் வாயிலேயே குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கி நிற்கும். "இது விரல் நுனி ரத்தக்குழாய்ல நடந்தா?" என்று கேட்டால் போதும், ஏன் அப்படி வலிக்கிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று வரும் இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒரே ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது என்று அலிசன் என்ற ஆராய்ச்சியாளர் 1954இல் காட்டியது. ஒரே மாற்றம், இரண்டு பிரதியில் நோய், ஒன்றில் கவசம். "சடுதிமாற்றம் என்றால் நோய்" என்ற நினைப்பு இந்த இடத்தில் உடைகிற மாதிரி வேறெங்கும் உடைவதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். இந்தியாவில் இது முதலில் பதிவானது 1952இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அதைச் சொல்லும்போது மலேரியா இருந்த நிலத்தின் கதையாகச் சொல்லுங்கள், ஒரு சமூகத்தின் குறையாகச் சொல்லிவிடாதீர்கள். அந்த ஊர்ப் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

பீட்டா தலசீமியா முதல் நாளுக்குச் சரிப்படாது. அதே பீட்டா சங்கிலி மரபணுதான், ஆனால் அதில் நோய் தரும் மாற்றங்கள் இருநூறுக்கும் மேல், தொடக்கத்திலேயே சொன்னால் பிள்ளைகள் திணறிப்போவார்கள். அரிவாள் செல்லுக்கு அடுத்து வைத்தால் கதையே வேறு. அங்கே சங்கிலியின் தரம் கெட்டது, இங்கே அளவு குறைகிறது. கடுமையான வகை என்றால் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றவேண்டும், ஏற்றுகிற ரத்தத்திலிருந்து இரும்பு உடம்பில் சேரும், அதை வெளியேற்றத் தனி மருந்து. பெற்றோர் இருவரும் கடத்திகளாக (ஒரு பிரதி மட்டும் மாறியவர்களாக) இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு என்ற கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பித்துவிடும் என்று பாதி வகுப்பு நம்பும், ஆளுக்கு இரண்டு நாணயம் கொடுத்துச் சுண்டவிட்டால் தெளிந்துவிடும்.

இந்த நோய்கள் எல்லாம் பரம்பரையாக வருபவை. புகையிலையால் நுரையீரல் செல்லில் விழும் மாற்றம் பிள்ளைக்குப் போகாது என்பதையும் பத்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லிவிட வேண்டும்.

என் வரிசை இதுதான்: ஐந்து நிமிடம் தம்பி பழம், மீதி பாடவேளை முழுக்க அரிவாள் செல், அடுத்த நாள் தலசீமியா, விக்டோரியா ராணி அதற்கும் பிறகு. தலசீமியா முடிகிற நாளில் ஒரு கேள்வியோடு அனுப்புவேன். 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்கெவி என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை இந்த இரண்டு நோய்க்குமே பொருந்துகிறது, ஆனால் அது பீட்டா மரபணுவைத் தொடுவதே இல்லை, எப்படி? மறுநாள் யாராவது ஒருத்தர் வந்து சொல்வார்: கருவில் இருக்கும்போது ஓடிய ஹீமோகுளோபினை மறுபடி ஓடவிடுகிறார்கள் சார், அதுக்குப் பீட்டா சங்கிலியே வேண்டாம்.