அமோரோல்ஃபின் 5% நகப்பூச்சு: எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது

பூஞ்சைத் தொற்று நகத்தின் நுனியோடு நின்று, பாதிக்கும் குறைவான பரப்பில் இருந்தால் இந்தப் பூச்சு நல்ல மருந்துதான். வேர்ப்பகுதி வரை மஞ்சளாகித் தடித்துவிட்டால் இதை மட்டும் நம்புவது வீண். பூஞ்சையைக் கொல்லும் டெர்பினாஃபின் மாத்திரை போன்றவற்றை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பலருக்குப் பலன் கிடைக்காததற்குக் காரணம் பூசும் முறை. முதலில் நகத்தின் மேற்பரப்பை அரத்தால் நன்றாகத் தேய்த்து, ஆல்கஹால் பஞ்சால் துடைக்க வேண்டும். பழைய பூச்சின் பளபளப்பு மிச்சமிருந்தால் மருந்து உள்ளே இறங்காது. பிறகு வாரம் ஒருமுறை பூசி, மூன்று நிமிடம் காயவிடுங்கள். நோயுள்ள நகத்துக்குப் பயன்படுத்திய அரத்தை நல்ல நகத்தில் வைக்கவே கூடாது.

பொறுமை வேண்டும். கைநகத்துக்கு 6 மாதம், கால்நகத்துக்கு 9 முதல் 12 மாதம். கெட்ட நகம் நிறம் மாறாது. அடியிலிருந்து புது நகம் வளர்ந்து அதைத் தள்ள வேண்டும். கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் வளரும்.

வாங்குவதற்கு முன் தோல் மருத்துவரிடம் நகத்துணுக்கும் அடியிலுள்ள பொடியும் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். சொரியாசிஸ் என்ற தோல்நோயும் நகத்தில் இதே தோற்றம் காட்டும். பூச்சைத் தொடங்கிய பின் சோதித்தால் பூஞ்சை இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம்.

ஒரே நகத்தில் புதிதாகக் கருங்கோடு வந்து அகலமானாலோ, கருமை பக்கத்துத் தோலுக்குப் பரவினாலோ பூச்சைத் தொடாதீர்கள். அது மெலனோமா புற்றுநோயாகவும் இருக்கலாம், உடனே காட்டுங்கள்.