மதுரை ஸ்டேஷன் எதிரே இரண்டு நாள்: மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி ஹோட்டல்கள் எப்படி?

சனி, ஞாயிறு மட்டும் மதுரைக்குப் போய் வருகிறவர்களுக்கு மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியை விட வசதியான இடம் ஊருக்குள் கிடையாது. ஜங்ஷனின் கிழக்கு வாசலில் இறங்கி, மேல வெளி வீதியைத் தாண்டி டவுன் ஹால் ரோட்டில் நுழைந்தால் கொஞ்ச தூரத்திலேயே குறுக்கே வரும் தெரு. பெட்டியை இழுத்துக்கொண்டு போனாலும் ஐந்தாறு நிமிடம்தான், ஆட்டோ தேவையில்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டு தெற்கே, மீனாட்சி அம்மன் கோயில் கிழக்கே, இரண்டுமே நடக்கும் தூரம். சாதாரண வார இறுதியில் ஏசி டபுள் ரூம் சுமார் 1,800 ரூபாயிலிருந்து 3,500 ரூபாய்க்குள் அமையும். லிப்ட், டிவி, வைஃபை எல்லாம் எங்கும் ஒரே மாதிரி. சிலவற்றில் மொட்டை மாடியில் கோபுரம் தெரிகிற ரெஸ்டாரண்ட் உண்டு.

ஒரே ஹோட்டலை ஒருவர் தலையில் தூக்கி வைத்து எழுதுவார், அடுத்தவர் திட்டித் தீர்ப்பார். பெரும்பாலும் இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். இங்கே தங்குவது நன்றாக அமைவது ஹோட்டலின் பெயரை விட இரண்டு விஷயங்களில் இருக்கிறது: எத்தனை மணிக்குச் செக்-இன் செய்கிறீர்கள், எந்த அறை கொடுக்கிறார்கள்.

முதலில் நேரக் கணக்கு. இந்த வட்டாரத்தில் இரண்டு முறை இருக்கிறது. பழைய வழக்கம் 24 மணி நேரம்: நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து மறுநாள் அதே நேரம் வரை ஒரு நாள் வாடகை. மற்றது பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மறுநாள் பகல் பன்னிரண்டு வரை. கவுண்டரில் 24 மணி நேரம் தருகிற ஹோட்டலே, ஆன்லைன் ஆப் வழியாக வந்தவருக்குப் பன்னிரண்டு மணிக் கணக்கைத்தான் வைக்கலாம். அதனால் ஆப்பில் விலையைப் பார்த்துவிட்டு ஹோட்டலுக்கே ஒரு போன் போட்டு, நேரடியாக வந்தால் என்ன வாடகை, எந்தக் கணக்கு என்று கேட்பது நல்லது.

24 மணி நேரம் என்றதும் லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. சென்னையிலிருந்து இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் வருகிறவர் விடிகாலை ஐந்து, ஐந்தரை வாக்கில் மதுரையில் இறங்குவார். ஆறு மணிக்கு ரூம் போட்டால் ஞாயிறு காலை ஆறு மணிக்கே நேரம் முடிந்துவிடும். திரும்பும் ரயிலோ ஞாயிறு இரவு. இதற்கு ஒரு வழி உண்டு. ஸ்டேஷனில் கட்டண வெயிட்டிங் ஹாலில் குளித்து உடை மாற்றி, பெட்டியை ஹோட்டல் ரிசப்ஷனில் வைத்துவிட்டு, கோயிலுக்குப் போய்க் காலை டிபனையும் முடித்துக்கொண்டு பத்து, பதினொரு மணிக்குச் செக்-இன் செய்யுங்கள். ஞாயிறும் அதே நேரம் வரை அறை உங்களுடையது. பன்னிரண்டு மணிக் கணக்கு ஹோட்டலில் காலை ஆறு மணிக்கே அறை வேண்டுமென்றால் அரை நாள் வாடகை கேட்பது சகஜம். வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால் பேசாமல் அதைக் கொடுத்துவிடலாம். காலி செய்த பிறகு இரவு வரை பெட்டியை வைத்திருக்கப் பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. ஆனால் டோக்கன் கேட்டு வாங்குங்கள், பெட்டியைப் பூட்டிக் கொடுங்கள்.

இனி அறை. வீதியைப் பார்த்த முதல், இரண்டாம் மாடி அறைகளில் ஹாரன் சத்தம் இரவு பதினொன்று வரை ஓயாது, விடிகாலை ரயில் கூட்டத்தோடு மறுபடி தொடங்கிவிடும். சில அறைகளின் ஜன்னல் கட்டிடத்தின் நடுவே உள்ள டக்டுக்குள் திறக்கும். வெளிச்சம் வராது, கிச்சன் எக்ஸாஸ்டிலிருந்து வரும் தாளிப்பு வாடை மட்டும் வரும். சரி, உச்சி மாடியாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. மேலே ரெஸ்டாரண்ட் இருந்தால் நாற்காலி இழுக்கிற சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். சித்திரை, வைகாசி வெயிலில் தளம் சூடேறி, ராத்திரி பத்து மணி ஆனாலும் ஏசி திணறும். உச்சி மாடிக்கு ஒன்று அல்லது இரண்டு மாடி கீழே, வீதிக்குப் பின்பக்கம், லிப்டுக்குத் தள்ளி இருக்கும் அறையைக் கேளுங்கள். பார் வைத்திருக்கும் ஹோட்டலென்றால் அது எந்த மாடியில் என்று கேட்டு, அந்த மாடியைத் தவிருங்கள், அதிலும் சனிக்கிழமை இரவு. ‘டெம்பிள் வியூ’ என்று கூடுதல் பணம் கேட்டால், ஜன்னலைத் திறந்து பார்த்த பிறகு முடிவு செய்யலாம். மொட்டை மாடிக்குப் போனால் அதே கோபுரங்கள் ஒரு காபி விலைக்குத் தெரியும். மாலை ஆறு மணியிலிருந்து விளக்குப் போடும் நேரம் வரை அங்கே உட்கார்ந்திருப்பது இந்த வீதியில் கிடைக்கிற பெரிய சுகம். சாப்பாடு சுமாராக இருந்தாலும் அதற்காகவே மேலே போகலாம்.

சாவியை வாங்கியதும் பையைப் பிரிக்காமல் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஏசியைப் போட்டுவிட்டு, படுக்கை விரிப்பின் மூலையைத் தூக்கி, மெத்தைத் தையல் ஓரத்தில் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தெளித்ததுபோல் கருப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது, உடனே வேறு அறை கேளுங்கள். சபரிமலை சீசனில் கார்த்திகையிலிருந்து தை வரை அறைக்கு ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் அப்போது இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதற்குள் ஏசியில் தண்ணீர் சொட்டத் தொடங்கினால் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. ராத்திரியில் அதைச் சரிசெய்ய ஆள் கிடைப்பது கஷ்டம், அறையை மாற்றிக்கொள்வதே மேல்.

பாத்ரூமில் சாக்கடை வாடை அடித்தால் பயந்துவிட வேண்டாம். சில நாள் பூட்டிக் கிடந்த அறையில் தரை வடிகாலுக்குள் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போய், குழாயிலிருந்து வாடை மேலே ஏறும். அரை வாளித் தண்ணீர் ஊற்றினால் பத்து நிமிடத்தில் போய்விடும். போகவில்லை என்றால் அடைப்பு, அறையை மாற்றச் சொல்லுங்கள். தண்ணீர் பல இடங்களில் போர் தண்ணீர்தான், உப்பு அதிகம். சோப்பு நுரைக்காது, ஷவர் ஓட்டைகள் பாதி அடைத்திருக்கும். வாளியும் மக்கும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீசர் எத்தனை லிட்டர் என்பதும் முக்கியம். 15 லிட்டர் கீசர் முழுக்கச் சூடானால் பச்சைத் தண்ணீர் கலந்து இரண்டு, இரண்டரை வாளி வெந்நீர் கிடைக்கும். இரண்டு பேர் தாராளமாகக் குளிக்கலாம், மூன்றாமவர் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரில் வாளியை வைத்தால் பாதி நிறைவதற்குள் பச்சைத் தண்ணீர் வந்துவிடும், குழாயை மெல்லத் திறந்தால்தான் சூடு நிற்கும். சோலார் வைத்திருக்கும் ஹோட்டலில் வெந்நீர் காலை சில மணி நேரம் மட்டுமே வரலாம், அதையும் முதலில் இரண்டு மூன்று நிமிடம் திறந்துவிட வேண்டும்.

சாவிக் கார்டைச் செருகினால்தான் கரண்ட் வருகிற அறைகளில், வெளியே போகும்போது போன் சார்ஜ் ஏறாது. ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, ஃபேனும் லைட்டும் மட்டுமா என்று கேட்டு வைத்துக்கொள்வது கோடையில் உதவும்.

காலை பஃபே பெரும்பாலும் ஏழரைக்கு மேல்தான் தொடங்கும். விடிகாலையில் கோயிலுக்குக் கிளம்புகிறவர்களுக்கு அது பயன்படாது. டிபனோடும் டிபன் இல்லாமலும் உள்ள வாடகைக்கு வித்தியாசம் தலைக்கு 150 ரூபாய்க்கு மேல் போனால் டிபன் இல்லாததை எடுங்கள். இட்லிக்கு மேல மாசி வீதி முருகன் இட்லிக் கடை, மாலையில் வெள்ளையப்பத்துக்கு மேலச் சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடை, ஜிகர்தண்டாவுக்கு விளக்குத்தூண் என்று எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கும்போது, ஆறிப்போன பஃபே பொங்கலுக்குப் பணம் கட்டுவது வீண்.

கோயில் மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தி, நான்கு மணிக்குத் திறப்பார்கள். அந்த மூன்றரை மணி நேரத்துக்கு அறைக்கு வந்து படுத்து எழ முடிவது இந்த வீதியின் உண்மையான பலன். ஊருக்கு வெளியே நீச்சல் குளத்தோடு தங்கினால் இது வாய்க்காது. 2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்ததைத் தொடர்ந்து உள்ளே செல்போனுக்குத் தடை வந்தது. வாசலில் கொடுத்து வைக்கவும் வசதி உண்டு, ஆனால் வார இறுதியில் வரிசை நீளம். போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் ஹோட்டலின் விசிட்டிங் கார்டையும் கொஞ்சம் ரொக்கத்தையும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். செருப்பை மேலக்கோபுர வாசலிலேயே விடுங்கள். வேறு வாசலில் விட்டால் வெயிலில் வெறுங்காலோடு சித்திரை வீதியைச் சுற்ற வேண்டி வரும்.

சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. வாடகை இரண்டு மடங்குக்கு மேல் போகும், தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் வண்டி நுழையாது. மாதங்களுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும்.

காரில் வருகிறவர்களுக்கு இந்த வீதி சிரமம்தான். ஹோட்டலுக்கு அடியில் சில கார்களே நிற்கும், முதலில் வந்தவருக்கே இடம். டிரைவர் படுக்க டார்மிட்டரி இருக்கிறதா என்று புக் செய்யும்போதே கேளுங்கள். இல்லையென்றால் அவர் ராத்திரி முழுக்கக் கார் சீட்டில் கிடந்து, மறுநாள் தூக்கம் இல்லாமல் உங்களை ஓட்டிப் போவார்.

பில்லில் ஜிஎஸ்டியைப் பாருங்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம், அதற்கு முன் 12. பேசிய வாடகை வரியோடு சேர்த்தா, தனியா என்பதையும், எக்ஸ்ட்ரா பெட்டுக்கு எவ்வளவு என்பதையும் போனிலேயே கேட்டு, வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையும் கேட்பார்கள், ஆதார் நகல் கொடுப்பதானால் முதல் எட்டு எண்களை மறைத்த மாஸ்க்டு ஆதார் கொடுங்கள்.