பராமிக்கோவில் கீ, பாஸ்வேர்ட், ஓடிபி: நாலு வருஷ அனுபவம்

நாலு வருஷமாக என் இரவு நேர ஸ்கிரிப்டுகள் எல்லாம் பைத்தானின் பராமிக்கோ லைப்ரரியை நம்பித்தான் ஓடுகின்றன. தொலைவிலுள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் எஸ்எஸ்எச் முறையை பைத்தான் ஸ்கிரிப்டுக்குள் கொண்டுவருவது அது. வேலை சாதாரணமானது: உள் நெட்வொர்க்குக்கு வாசலாக நிற்கும் ஜம்ப் சர்வருக்குள் நுழைந்து, அங்கிருந்து உள்ளே போய் லாக் ஃபைல்களை இழுத்து வர வேண்டும். கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக நம்மை அடையாளம் காட்டும் ரகசிய ஃபைல்) மட்டும் போதும் என்றிருந்தவரை இப்படி ஒரு லைப்ரரி இருப்பதையே மறந்திருந்தேன். ஒரு நாள் அந்த சர்வரில் கீயோடு பாஸ்வேர்டும் ஓடிபியும் கட்டாயமாயின. (ஓடிபியை உருவாக்கும் சீக்ரெட்டை ஸ்கிரிப்டே வைத்திருந்தால் அதற்கு என்ன மரியாதை என்று நானும் கேட்டேன். பதில் வரவில்லை.)

எஸ்எஸ்எச் இந்த இடத்தில் பேசும் விதம் கொஞ்சம் விசித்திரம். கீ சரியாகவே இருந்தாலும், இன்னும் படி பாக்கியிருந்தால் சர்வர் "தோல்வி" என்றுதான் பதில் அனுப்பும். பாதி தேறியதற்கான அடையாளமும், அடுத்து ஏற்கும் முறைகளின் பட்டியலும் அந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கும். எஸ்எஸ்எச் லாகினுக்கான விதிகளை வகுக்கும், 2006-ல் வந்த ஆர்எஃப்சி 4252 ஆவணம் சொல்வது இதைத்தான். பராமிக்கோவின் அடிமட்டப் பகுதியான ட்ரான்ஸ்போர்ட் கிளாஸ் அந்தப் பட்டியலை அப்படியே நம் கையில் கொடுக்கும். காலியாக வந்தால் உள்ளே போய்விட்டோம். இல்லையென்றால் இன்னும் வாசலில்தான் நிற்கிறோம்.

நான் அதைப் பார்க்காமல், மேல்மட்ட எஸ்எஸ்எச்கிளையன்டிடமே கீயையும் பாஸ்வேர்டையும் கொடுத்தேன். சர்வர் நேரடி பாஸ்வேர்டை ஏற்காமல், கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் கீபோர்ட்-இன்டராக்டிவ் முறையை மட்டும் ஏற்றால், லைப்ரரி நமக்கு உதவுவதாக நினைத்து வருகிற கேள்விக்கெல்லாம் பாஸ்வேர்டையே பதிலாக அனுப்புகிறது. "பாஸ்வேர்ட்:" என்று கேட்டபோது சரி. "வெரிஃபிகேஷன் கோட்:" என்று கேட்டபோதும் அதே பாஸ்வேர்ட் போனது. எனக்குத் தெரிந்ததெல்லாம் லாகின் தோல்வி என்ற ஒரு வரி. பாஸ்வேர்ட் தப்போ என்று அதை மூன்று முறை மாற்றினேன்.

பிறகு ட்ரான்ஸ்போர்ட்டுக்கே இறங்கி, சர்வரின் கேள்விகளுக்குப் பதில் தரும் ஹேண்ட்லர் ஃபங்ஷனைச் சொந்தமாக எழுதினேன். கேள்வியில் "கோட்" என்று இருந்தால் ஓடிபி, மற்றதற்கெல்லாம் பாஸ்வேர்ட். அதுவும் விழுந்தது, இம்முறை கடைசி நொடியில். எல்லாம் சரியாக முடிந்த பிறகும் சர்வர் கேள்வியே இல்லாத ஒரு காலிக் கோரிக்கையை அனுப்புகிறது. அதற்குக் காலிப் பட்டியலைத்தான் திருப்பித் தர வேண்டும். என் ஹேண்ட்லரோ அதற்கும் ஒரு பதிலை நீட்டியது. கேட்ட எண்ணிக்கையும் பதில் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் ஓபன்எஸ்எஸ்எச் இணைப்பையே அறுத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், பராமிக்கோவின் சொந்த ஹேண்ட்லர் இந்தக் காலிக் கோரிக்கையைச் சரியாகவே கையாள்கிறது. லைப்ரரியின் அந்த சோர்ஸ் கோடை முதலிலேயே படித்திருந்தால் இரண்டு நாள் மிச்சம்.

எஸ்எஸ்எச் ஏஜென்டில் (கீகளை நினைவில் வைத்திருக்கும் புரோகிராம்) ஏழெட்டு கீ வைத்திருப்பவர்கள் ஏஜென்ட் தேடலை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு கீயும் ஒரு முயற்சியாகக் கணக்கில் சேரும், சர்வர் வழக்கமாக ஆறு முயற்சிக்கு மேல் பொறுக்காது.

கடைசித் தலைவலி, ஓடிபி மாறும் 30 நொடி இடைவெளி. கிரானில் நேரம் குறித்து வைத்த இரண்டு வேலைகள் சரியாக இரண்டு மணிக்குக் கிளம்பும், இரண்டும் ஒரே ஓடிபியைக் காட்டும், ஒருமுறை பயன்பட்டதை சர்வர் மறுபடி ஏற்காது. அடுத்த ஓடிபிக்காக ஹேண்ட்லருக்குள்ளேயே காத்திருக்க வைத்தேன். லாகின் முடிய லைப்ரரி காத்திருக்கும் வரம்பும் அதே 30 நொடி என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது இரண்டு வேலைகளும் ஒரே இணைப்பைத் திறந்து, அதற்குள் தனித்தனி சேனலில் ஓடுகின்றன. அந்த வரம்பையும் 60 ஆக்கி வைத்திருக்கிறேன்.