பூங்கா நடைபாதைக்குப் பணம்: வார்டு நிதியா, நிறுவன நிதியா, நமக்கு நாமேயா?

வடசென்னையின் கொடுங்கையூரில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய பூங்காவில் நடைபாதையைப் புதிதாகப் போட ஒன்றரை ஆண்டு அலைந்தோம். வரைபடம் கையில் இருந்தது. சுற்றுப்பாதை எது, எட்டு வடிவப் பாதை எது, பெரியவர்கள் உட்காரும் மேடை எங்கே என்று எல்லாம் முடிவாகியிருந்தது. பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதுதான் தெரியவில்லை. கடைசியில், மக்கள் ஒரு பங்கும் அரசு மீதியும் போடும் நமக்கு நாமே திட்டத்தில் செய்தோம். அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான். அதை மனத்தில் வைத்தே மற்றதைப் படியுங்கள்.

பெரிய திட்டங்களுக்காகக் காத்திருக்கலாமே என்று சங்கத்தில் சிலர் கேட்டார்கள். 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில், சென்னைக்கான பாதை பெசன்ட் நகர்ப் பக்கம் அமைந்தது. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கப்பட்டது. அந்த அளவிலான திட்டத்தில் ஒரு தெருமுனைப் பூங்காவின் 300 மீட்டர் பாதைக்கு எப்போது முறை வரும் என்று பார்த்துக்கொண்டு உட்கார எங்களுக்குப் பொறுமையில்லை.

மக்கள் பிரதிநிதிகளின் நிதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி 2025-26 முதல் ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய். சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி நிதி 3 கோடி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. மனு கொடுத்து, பரிந்துரை கிடைத்து, மதிப்பீடு தயாரானால் டெண்டர் விடுவார்கள். நம் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகாது. ஆனால் அந்த 60 லட்சத்தை எத்தனை தெருக்கள் எதிர்பார்த்திருக்கின்றன என்பது வார்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். முழங்கால் அளவு தண்ணீரில் நடக்கும் தெருக்காரர்கள் வடிகால் கேட்கும்போது, அவர்களுக்கு முன்னால் நின்று நடைபாதை கேட்க எனக்கு மனம் வரவில்லை.

தொழிற்சாலைகள் நிறைந்த மணலியும் எண்ணூரும் பக்கத்தில் இருப்பதால் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கம்பெனிகள் சட்டம், 2013-இன் 135-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமையும் தர வேண்டும். நான் ஒரே ஒரு நிறுவனத்தைத்தான் அணுகினேன். சங்கத்துக்கு வருமான வரி விலக்குக்கான 12ஏ, 80ஜி பதிவு உண்டா, இந்த நிதியைப் பெறும் அமைப்புகள் தாக்கல் செய்யும் சி.எஸ்.ஆர்-1 படிவம் தாக்கல் செய்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். எங்களிடம் எதுவும் இல்லை. பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்று துணைக்கு இருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். ஒரே அனுபவத்தை வைத்து இந்த வழி உதவாது என்று நான் சொல்ல மாட்டேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. எங்கள் பூங்காவில் 2022-இல் போட்ட பாதை ஒன்று ஏற்கெனவே இருந்தது. பேவர் கற்கள், இருபுறமும் இடைவெளியே இல்லாத ஓரக்கல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது, அந்த ஓரக்கல்லே தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டது. நான்கு நாள் கழித்து வடிந்தபோது கற்களுக்கு அடியில் இருந்த மணலும் கூடவே போய்விட்டது. வேப்பமரத்தடியில் ஒரு கல்லை மிதித்தால் அடுத்த கல் எழும்பும். இடுக்கிலிருந்து கறுப்புத் தண்ணீர் காலில் பீச்சும். பெரியவர்கள் பாதையை விட்டுப் புல்லில் நடந்தார்கள். பொங்கலுக்குள் இடுக்கெல்லாம் கோரை முளைத்துவிட்டது. பாதையைப் போட்ட ஒப்பந்ததாரர் திரும்பிப் பார்க்கவில்லை. தொகுதி நிதியைக் கேட்கலாம் என்றால், அது நிலையான சொத்தை உருவாக்கத்தான். அன்றாடப் பராமரிப்புக்கு அதில் இடமில்லை.

நமக்கு நாமே திட்டம் 1997-98-இல் வந்தது. 2021-இல் மீண்டும் உயிர்பெற்றது. மொத்த மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும்; மீதியை அரசு தரும். நீர்நிலைப் பணி என்றால் மக்கள் பங்கு பாதி. எங்கள் மதிப்பீடு 9 லட்சம். நாங்கள் திரட்ட வேண்டியது 3 லட்சம். ஏழு மாதம் வீடு வீடாகப் போனோம்.

அந்த ஏழு மாதத்தில்தான் வரைபடம் உருப்படியானது. காசிமேட்டில் மீன் எடுத்து வந்து விற்கும் அம்மா ஒருவர் 200 ரூபாயைக் கையில் வைத்து, "தம்பி, மரத்தடியில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்" என்றார். அதுவரை எட்டு வடிவப் பாதைக்குக் கூழாங்கல் எந்த நிறத்தில் வேண்டும் என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். மறுநாளே பொறியாளரிடம் போய், இரண்டு மீட்டருக்கு ஓர் இடைவெளி விட்டு ஓரக்கல் வைக்கவும், வடிகால் பக்கம் பாதையைச் சரிவாக அமைக்கவும் எழுதிக் கொடுத்தோம். மேடையைக் கைவிட்டோம், அந்தப் பணம் பாதைக்கு அடியில் ஜல்லிக்குப் போனது.

வேலை நடந்தபோது பணம் கொடுத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜல்லியை எத்தனை அங்குலத்துக்குக் கொட்டுகிறார்கள் என்று ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் தினமும் அளவு நாடாவோடு வந்து நின்றார். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஓரக்கல் இடைவெளிகளில் அடைத்த வேப்பிலைகளை அள்ளுவதற்குப் பத்துப் பதினைந்து பேராவது வருகிறார்கள். அந்த மீன்கார அம்மாவின் பேரனும் வருகிறான். பழைய பாதைக்கு இப்படி ஒருவரும் வந்ததில்லை. எனக்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

ஆனால் எங்கள் பாதை இதுவரை ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழையைத்தான் பார்த்திருக்கிறது. மிக்ஜாம் போன்ற மழையைத் தாங்குமா என்பது அப்படியொரு மழை வந்தால்தான் தெரியும்.

தினக்கூலியை நம்பி வாழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டச் சொல்வது நியாயமில்லை. நிறுவனமோ வசதியுள்ளவரோ அந்தப் பங்கை ஏற்றால் சரி. இல்லாவிட்டால் அங்கே வார்டு நிதியைக் கேட்பதே முறை. ஆனால் மனுவோடு ஓரக்கல் இடைவெளி, சரிவு, அடிப்படை ஜல்லியின் கனம் மூன்றையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மதிப்பீடு தயாராகும் முன்பே கொடுங்கள். டெண்டர் விட்ட பிறகு சேர்க்கச் சொன்னால் யாராலும் சேர்க்க முடியாது.