பாகற்காய்ப் பந்தலில் இறங்கப் பார்த்தவனின் விமர்சனம்

கிளைடர் என்ற சிறு விமானத்துக்கு எஞ்சின் கிடையாது. மேலே தூக்கும் காற்று நின்றுவிட்டால், விமான நிலையம் எட்டாத தூரத்தில் இருந்தால், யாரோ ஒருவருடைய காட்டில்தான் இறங்கியாக வேண்டும். (எங்கள் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம்.) அந்தக் காட்டை மேலிருந்தே எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பழனி அடிவாரத்தில் இரண்டு நாள் வகுப்பு நடத்துகிறார், கிளைடர் ஓட்டிய பெரியவர் ஒருவர். கட்டணம் 4,500 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து. பறக்க விடமாட்டார், அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முதல் நாள் காலையில் கொடைக்கானல் ரோட்டில் ஏறி ஒரு கொண்டை ஊசி வளைவில் வேனை நிறுத்தினார். கீழே வரதமாநதி அணைப் பக்கம் தெரிந்த நிலத்தில் ஆளுக்கொரு வயலைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அப்புறம் கீழே இறங்கி, குறித்த வயலில் அவரவரை நடக்கவிட்டார். இந்த ஒன்றுக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

நான் குறித்தது பாய் விரித்தாற்போல் பச்சை. போய்ப் பார்த்தால் பாகற்காய்ப் பந்தல்! கல்தூண் நட்டு, ஆள் உயரத்தில் கம்பி இழுத்திருந்தார்கள். கூட வந்தவர் குறித்தது கடலை பிடுங்கிய செம்மண் காடு, பார்க்க அருமை. ஆனால் மூலையில் புளியமர நிழலில் ஒரு கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லை, வாய் தரையோடு தரை. நாங்கள் எட்டிப் பார்ப்பதைக் கண்டு ஒரு அம்மா, "ஏனுங்க தம்பி, எதையாவது தொலைச்சுட்டீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னோம். "எறங்க எங்க காடுதான் கெடச்சுதாக்கும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் சொன்ன பாடம் இது: 2,000 அடி உயரத்திலேயே இறங்கும் பகுதி முடிவாகிவிட வேண்டும், 1,500-ல் வயல், 1,000-ல் வயலைச் சுற்றி வந்து இறங்கத் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு மனம் மாறக்கூடாது. மின்கம்பி மேலிருந்து தெரியாது, கம்பத்தைத் தேடு. மேலிருந்தே சரிவு தெரிந்தால் அது ரொம்பச் சரிவு. அணைத் தண்ணீரில் எந்தக் கரையோரம் அலையில்லாமல் இருக்கிறதோ, காற்று அந்தப் பக்கமிருந்து வருகிறது.

தென்னைக் கணக்குதான் என் மனதில் தங்கியது. மரத்தைத் தாண்டி இறங்கினால், அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு வயல் வீண் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். 60 அடித் தென்னை என்றால் 600 அடி. நடந்து அளக்கவைத்தார். 240 எட்டு வைத்து நிமிர்ந்தால் எதிர் வேலி முகத்துக்கு நேரே நிற்கிறது. மூன்று ஏக்கர் காடு, இறங்க ஒரு முழம் மிச்சமில்லை.

குறை இரண்டாம் நாள். நாலு சுவருக்குள் படம் காட்டினார். எல்லாம் குளிர்தேசத்துக் கோதுமை வயல்கள், ஆடு மேயும் புல்வெளிகள். நம் வயலில் பெரிய தொல்லை வரப்புதான். அறுவடை முடிந்து காய்ந்த நெல்வயல் மேலிருந்து ஒரே பரப்பாகத் தெரியும், கீழே முப்பது எட்டுக்கு ஒரு வரப்பு குறுக்கே வரும். அதற்கு ஒரே ஒரு படம். சொட்டுநீர்க் குழாய், கரும்பின் உயரம் பற்றி நான் கேட்ட பிறகுதான் பேசினார். உள்ளூர் விவசாயி ஒருவரை ஒரு மணி நேரம் பேசவைத்திருந்தால் தீர்ந்திருக்கும். கேட்டேன், அடுத்த முறை பார்க்கலாம் என்றார்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். சாப்பாடு சுமார், ரசம் மட்டும் நன்றாக இருந்தது. ஷூ போட்டுக்கொண்டு போங்கள், வழியெல்லாம் நெருஞ்சி. நான் ரப்பர் செருப்போடு போனேன்.