காத்திருப்பதா, ஒதுக்கிவைப்பதா, சுற்றிச் செல்வதா: காஷ்மீர் பிணக்கும் தெற்காசிய ஒத்துழைப்பின் மூன்று வழிகளும்

2014 நவம்பரில் காத்மாண்டுவில் கூடிய பதினெட்டாவது மாநாட்டோடு, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உச்சி மாநாடுகள் நின்றுபோயின. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்த அடுத்த மாநாடு, உரி ராணுவ முகாம் மீதான தாக்குதலுக்குப் பிறகு இந்தியாவும் வேறு சில உறுப்பு நாடுகளும் விலகிக்கொண்டதால் கைவிடப்பட்டது. இப்பகுதி நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வர்த்தகம் அவற்றின் மொத்த வர்த்தகத்தில் ஏறத்தாழ 5 சதவீதம். தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் நாடுகளிடையே அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். இந்நிலையில் மூன்று வழிகள் முன்வைக்கப்படுகின்றன. காஷ்மீர் பிணக்கைத் தீர்த்துவிட்டுப் பிறகு ஒத்துழைப்பது முதல் வழி. பிணக்கை ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றில் ஒத்துழைப்பது இரண்டாவது. பிணக்கில் சிக்கிய இந்தியா-பாகிஸ்தான் இணையைச் சுற்றிக்கொண்டு மற்ற நாடுகள் முன்னே செல்வது மூன்றாவது. பிணக்கு மீண்டும் வெடிக்கும் நாளில் எது மிஞ்சுகிறது என்பதையே இவற்றை ஒப்பிடும் அளவுகோலாகக் கொள்ளலாம். நல்லுறவு நிலவும் காலத்தில் மூன்றுமே அழகாகத்தான் தெரியும்.

முதல் வழி பாகிஸ்தானின் நிலைப்பாடாகவே பொதுவாக அறியப்படுகிறது. ஆனால் பயங்கரவாதமும் பேச்சுவார்த்தையும் ஒருசேர நடக்க முடியாது என்ற இந்திய நிலைப்பாடும் வடிவத்தில் அதே வழிதான். நிபந்தனை மட்டுமே வேறு. இவ்வழிக்கு வலுச்சேர்க்கும் எடுத்துக்காட்டு இந்தியாவும் வங்கதேசமும். வங்காள விரிகுடாவின் கடல் எல்லையை 2014இல் நடுவர் தீர்ப்பாயம் வகுத்தபோது, சர்ச்சைக்குரிய பரப்பின் பெரும்பகுதி வங்கதேசத்துக்குப் போயிருந்தும் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. 1974இல் கையெழுத்தான நில எல்லை ஒப்பந்தம் 2015இல் நடைமுறைக்கு வந்து, ஒரு நாட்டுக்குள் மற்ற நாட்டின் தீவுகள்போல் கிடந்த 162 நிலத்துண்டுகள் கைமாறின. அதே ஆண்டில் கரையோரக் கப்பல் போக்குவரத்து ஒப்பந்தமும் ஏற்பட்டது. ஆயினும் இரு தரப்பும் கொள்கையளவில் ஒப்புக்கொண்டிருந்த ஒரு சமவெளி எல்லைக்கே 41 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. மேலும், கங்கை நீர்ப் பகிர்வு உடன்படிக்கை 1996இலேயே கையெழுத்தானது. எல்லை தீரட்டும் என்று அது காத்திருக்கவில்லை.

கோடு வகுக்கப்பட்டால் ஒத்துழைப்பு தானாக வந்துவிடும் என்பதற்கும் உறுதியில்லை. இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஒப்பந்தங்களில் கடல் எல்லையை வகுத்துக்கொண்டன. அரை நூற்றாண்டு கழிந்தும் பாக் நீரிணையில் மீனவர்கள் கைதாவதும் படகுகள் பறிமுதலாவதும் நிற்கவில்லை. இறையாண்மை யாருடையது என்பதை மட்டுமே கோடு சொல்கிறது. மீன்வளத்தை எப்படிப் பகிர்வது, இழுவைமடிப் படகுகளை என்ன செய்வது என்பவற்றுக்கு அதில் விடையில்லை. காஷ்மீரைப் பொறுத்தவரை இவ்வழியில் மிக அருகில் வந்தது, 2004க்கும் 2007க்கும் இடையே மன்மோகன் சிங், முஷாரப் அரசுகள் மறைமுகமாகப் பேசிய நான்கு அம்சத் திட்டம். எல்லையை மாற்றாமல் அதன் கடுமையைக் குறைப்பதே அதன் சாரம் என்பதால், உண்மையில் அது இரண்டாவது வழியின் சாயலையே கொண்டிருந்தது.

இரண்டாவது வழிதான் சார்க் பிறந்த வழி. 1985இல் டாக்காவில் ஏற்கப்பட்ட அதன் சாசனத்தின் பத்தாவது பிரிவு, எல்லா மட்டங்களிலும் முடிவுகள் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும் என்றும், இருதரப்புப் பிரச்சினைகளும் சர்ச்சைக்குரியவையும் விவாதத்துக்கு வரக்கூடாது என்றும் சொல்கிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் விவேகமான விதிகள். சேர்ந்து நிற்கும்போதோ பேசக்கூடாத பிணக்கின் கைக்கே எதையும் தடுக்கும் உரிமை (வீட்டோ) போய்விடுகிறது. காத்மாண்டு மாநாட்டில் மோட்டார் வாகன ஒப்பந்தமும் ரயில் ஒப்பந்தமும் கையெழுத்தாகாமல் போனது அப்படித்தான். உள்நாட்டு நடைமுறைகள் முடியவில்லை என்றது பாகிஸ்தான். காஷ்மீர் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கத் தேவை இருக்கவில்லை.

இவ்வழியின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும் இடம் காஷ்மீர்தான். 2008 அக்டோபரில், காஷ்மீரை இரு நாடுகளுக்கிடையே பிரிக்கும் கட்டுப்பாட்டு எல்லைக் கோட்டுக்குக் குறுக்கே, உரிப் பக்கத்திலும் பூஞ்ச் பக்கத்திலுமாக இரு பாதைகளில், சரக்கு லாரிகள் ஓடத் தொடங்கின. 21 வகைப் பொருள்களுக்கு மட்டுமே அனுமதி. சுங்கவரி கிடையாது. பணம் கைமாறவில்லை, முழுக்க முழுக்கப் பண்டமாற்று. இங்கிருந்து வாழைப்பழமும் சீரகமும் போக, அங்கிருந்து பாதாமும் மூலிகைகளும் வந்தன. வங்கியும் கடனுறுதிக் கடிதமும் இல்லாத இந்த வணிகம் முழுவதும் வணிகர்கள் ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கையில் நடந்தது. ஆயுதங்களும் போதைப்பொருளும் கள்ளநோட்டும் இந்தப் பாதைகளில் வருகின்றன என்று காரணம் காட்டி, புல்வாமா தாக்குதலுக்கு இரண்டு மாதம் கழித்து, 2019 ஏப்ரலில் இந்திய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவில் அதை நிறுத்திவைத்தது. குற்றச்சாட்டு சரியா தவறா என்பது வேறு கேள்வி. பத்தாண்டு வணிகத்தை நிறுத்த ஒற்றைத் தாளே போதுமானதாக இருந்தது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

இதோடு 1960இன் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை வைத்துப் பார்க்கலாம். 1965, 1971, 1999 என மூன்று மோதல்களை அது தாங்கியது. உலக வங்கி அதன் பேச்சுவார்த்தையை நடத்திவைத்ததும், நிரந்தர ஆணையம் ஒன்று இருந்ததும், கருத்து வேறுபட்டால் நடுநிலை நிபுணரிடமோ நடுவர் மன்றத்திடமோ போகும் படிகள் எழுதப்பட்டிருந்ததும் அதற்குக் காரணங்கள். இன்னொரு காரணமும் உண்டு: ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு, சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு என்று நதிகளையே அது பிரித்துக் கொடுத்துவிட்டது. தெற்காசிய ஒத்துழைப்பின் தலைசிறந்த சான்றாகக் கொண்டாடப்பட்டது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் என்பது சற்று விசித்திரம்தான். பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, இந்தியா அதையும் நிறுத்திவைத்தது. அப்படி ஒருதலையாக நிறுத்த ஒப்பந்தத்தில் இடமில்லை என்பது பாகிஸ்தானின் வாதம். 65 ஆண்டுகள் நின்றதை வெற்றி என்றே நான் எண்ணுகிறேன். நிரந்தரம் என்று எண்ண மாட்டேன்.

மூன்றாவது வழி காத்மாண்டு தோல்வியிலிருந்தே கிளைத்தது. சார்க்கில் முடங்கிய மோட்டார் வாகன ஒப்பந்தத்தை வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் 2015 ஜூனில் திம்புவில் தங்களுக்குள் செய்துகொண்டன. பூடானின் மேலவை ஒப்புதல் தர மறுத்தபோது, மற்ற மூன்றும் மேற்கொண்டு செல்லலாம் என்று பூடானே சொல்லிவிட்டது. மின்சாரத்தில் இன்னும் தெளிவான பலன் கிடைத்தது. நேபாளத்தின் 40 மெகாவாட் நீர்மின்சாரம் பீகாரின் முசாபர்பூர் வழியாக இந்திய மின்தொகுப்பில் ஏறி வங்கதேசத்துக்குச் செல்லும் முத்தரப்பு ஒப்பந்தம் 2024 அக்டோபரில் கையெழுத்தானது. ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்து, டெல்லிக்கும் டாக்காவுக்கும் இடையே உறவு கசந்திருந்த நேரம் அது. அளவு சிறியது. ஆனாலும் நவம்பரில் மின்சாரம் பாய்ந்தது.

வங்காள விரிகுடாவைச் சுற்றிய ஏழு நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்பைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலவில்லை. 1997இல் தொடங்கிய அதற்குச் சாசனம் 2022இல்தான் கொழும்பில் கையெழுத்தானது. 2004இல் பேசத் தொடங்கிய தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. பாகிஸ்தான் இல்லாததால் மட்டுமே ஓர் அமைப்பு வேகம் பெற்றுவிடாது. மாலத்தீவும் அதில் உறுப்பினர் இல்லை.

சுற்றிச் செல்ல முடியாதவையும் உண்டு. லாகூருக்கும் அமிர்தசரஸுக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர்தான். குளிர்காலத் தொடக்கத்தில் இரு பஞ்சாபிலும் வைக்கோல் எரியும் புகைக்கு எந்தப் பக்கத்துக் கடவுச்சீட்டும் தேவையில்லை. சிந்துவின் பனிப்பாறைகளும் அப்படியே. ஆகவே, சாலைக்கும் மின்சாரத்துக்கும் மூன்றாவது வழி, காற்றுக்கும் நீருக்கும் மூன்றாம் தரப்பின் துணையோடு இரண்டாவது வழி என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. முதல் வழியை, குஜராத்துக்கும் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துக்கும் இடையே, 2007இலேயே கூட்டு அளவைப் பணி முடிந்துவிட்ட சர் கிரீக் கழிமுகம் போன்ற சிறு துண்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எது மிஞ்சுகிறது என்ற அளவுகோலில் எல்லாவற்றையும் விஞ்சி நிற்பவை, ஒருவரும் பெரிதாகப் பேசாத சில ஏற்பாடுகள். இந்தியாவும் பாகிஸ்தானும் தங்கள் அணுசக்தி நிலையங்களின் பட்டியலை 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று பரிமாறிக்கொள்கின்றன. சிறையிலுள்ள மீனவர்கள், கைதிகள் ஆகியோரின் பட்டியல் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாள்களில் கைமாறுகிறது. 2025 மே மோதலுக்குப் பிந்தைய ஜூலையிலும் கைமாறியது. சார்க்கிலும் இப்படி ஒன்று உண்டு: உச்சி மாநாடே நடவாத காலத்தில், 2022 ஜனவரியில், அதன் நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டின் கீழ் இலங்கைக்கு இந்திய ரிசர்வ் வங்கி 40 கோடி டாலர் அளித்தது. இவை எதற்கும் தலைவர்கள் கைகுலுக்கும் புகைப்படம் தேவைப்படவில்லை.

சார்க் சாசனத்தின் ஏழாவது பிரிவு, எல்லா உறுப்பினர்களும் சேராத, இரண்டுக்கு மேற்பட்ட நாடுகளின் திட்டங்களுக்குச் செயற்குழுக்களை அமைக்க வெளியுறவுச் செயலர்களின் நிலைக்குழுவுக்கு அதிகாரம் தருகிறது. காற்று மாசு குறித்து 1998இன் மாலே பிரகடனத்தில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம் நான்குமே ஏற்கெனவே இணைந்துள்ளன. இந்த நான்குக்கும் அப்படியொரு செயற்குழு அமைய உச்சி மாநாடு வேண்டியதில்லை. அதைத் தொடங்கவும் ஒருமனதான முடிவு வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அந்த ஒப்புதலை ஒருமுறை பெற்றால் போதும்.