வட்டார வள மையத்து பிசியோ: இரண்டு வருட அனுபவம்

மகனுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம், இரண்டு காலும் இறுக்கம், நுனிக்காலில்தான் நடப்பான். அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையத்தில் நடக்கும் பிசியோவுக்கு (இயன்முறை சிகிச்சை) இரண்டு வருடமாகக் கூட்டிப் போகிறேன். காசு கிடையாது. அதற்குமுன் வெளியே ஒரு தடவைக்கு 400 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"வகுப்புல எங்க உட்கார்றான், எப்படி உட்கார்றான்?" முதல் நாள் பிசியோ மேடம் கேட்டது இதைத்தான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் பள்ளிக்கே வந்துவிட்டார். பார்த்தால், பெஞ்சில் கால் தரைக்கு எட்டாமல் தொங்குகிறது. பாதம் ஊன்றாவிட்டால் இடுப்பு சரியும், அப்புறம் கை எப்படி எழுதும் என்றார். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் கிடந்த பலகையை எடுத்து, அடியில் இரண்டு செங்கல் வைத்தார். அவ்வளவுதான். பக்கத்துப் பையன் மேல் சாய்ந்தே எழுதிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு மாதத்தில் எழுத்து கோட்டுக்குள் வந்தது. 400 ரூபாய் வாங்கியவர்கள் காலை நீட்டி மடக்கினார்கள், அதோடு சரி.

பள்ளிச் சாய்தளத்தையும் டேப் வைத்து அளந்தார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டுமாம். எங்கள் பள்ளியில் ஐந்தடிகூட இல்லை. எழுதிக் கொடுத்ததில் கழிப்பறையில் பிடிகம்பி வந்தது. சாய்தளம் அப்படியேதான் இருக்கிறது. ஏறுகிற குழந்தையைவிட போட்டோவுக்குத்தான் அது உதவும்.

குறை இல்லாமல் இல்லை. வட்டாரம் முழுக்க ஒரே ஆள், அதுவும் ஒப்பந்த வேலை. எங்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான். மீதி ஆறு நாளும் அம்மா பொறுப்பு; டி.வி. பார்க்கும்போது சாய்வுப் பலகைமேல் இருபது நிமிடம் நிற்க வைக்கிறேன். முகாமில் பாதத்தை நேராகப் பிடித்து வைக்கும் ஸ்பிளிண்டுக்கு அளவெடுத்தார்கள், வந்து சேர ஏழு மாதம். அதற்குள் கால் வளர்ந்து குதிகால் உள்ளே உட்காரவில்லை. வீட்டில் சும்மா கிடக்கிறது.

புதிதாகப் போகிறவர்கள் பயிற்சிகளைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். "சிறப்புப் பள்ளியில சேர்த்துடுங்களேன்" என்று யாராவது சொன்னால், 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 முதல் 18 வயதுவரை பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுப்பது நம் உரிமை. எனக்கு இதைச் சொல்லித் தந்ததும் மேடம்தான்.

ஐந்தாம் வகுப்பு மாடியில் நடக்கிறது. கீழே மாற்றித் தருவதாகத் தலைமையாசிரியர் மேடத்திடம் சொல்லியிருக்கிறார். ஜூனில் பார்க்கலாம்.